ஒரு தாயின் இரு பிள்ளைகளும் ஒரு சிற்றறையும்

தென்னாபிரிக்காவில் 1950 ஆம் ஆண்டு ஒரு சட்டம் நிறைவேறியது. குடிசனப் பதிவுச் சட்டம் என்பது அதன் பெயர். அவ்வாண்டின் 30 ஆம் இலக்கச் சட்டம் அது. பெயரைக் கேட்போர் அதனைப் பிறப்பு இறப்புப் பதிவு போன்றதோர் அப்பாவிச் சட்டமென்றே எண்ணுவர். அந்நாட்டில் வாழும் ஒவ்வொரு மனிதனும் வெள்ளையனா, கறுப்பனா, கலப்பினத்தவனா என்று தீர்மானித்து ஏட்டிற் பதிந்து வைப்பதே அதன் வேலை. எதைக் கொண்டு தீர்மானிப்பது? அவனுடைய தோற்றத்தைக் கொண்டும், ஊரார் அவனை எவ்வாறு ஏற்றுக்கொண்டுள்ளனர் என்பதைக் கொண்டும் தீர்மானிக்கலாம் என்றது சட்டம். சட்டம் பயின்றோர் இவ்விடத்திற் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். தோலின் நிறம் சாட்சியாகின்றது. அயலாரின் வாய்ச்சொல் சாட்சியாகின்றது. பெற்ற தாயின் வயிறு முதற் சாட்சியாக ஏற்கப்படவில்லை. ஆகவே ஒரே தாய்க்குப் பிறந்த இருவர் இருவேறு இனத்தவராகப் பதியப்படுதல் கூடியதாயிற்று. அவ்வாறு பிளவுண்ட குடும்பங்களும் அந்நாட்டில் இருந்தன. 1991 ஆம் ஆண்டு நீக்கப்படும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சட்டம் நின்று நிலவியது.

இதனைக் கண்டித்துப் பேசாத மேடை உலகில் இல்லை எனலாம். ஐக்கிய நாடுகள் சபையிலே தீர்மானங்கள் பல நிறைவேறின. இன ஒதுக்கல் மனித குலத்திற்கு எதிரான குற்றம் என்று கூறும் உடன்படிக்கையும் 1973 இல் உருவாயிற்று. அவை யாவும் வேண்டியவையே. ஆயினும், அந்தச் சட்டம் ஒரு வீட்டின் கதவைத் திறந்து உள்ளே புகுந்து, இரு சகோதரர் உறங்கும் கட்டில்களுக்கு நடுவே நின்றபோது அங்கே நிகழ்ந்தது என்ன என்பதைத் தீர்மானங்களிலே தேடினாற் கிடையாது. அது கிடைக்குமிடம் ஒரு நாடகம். ‘த பிளட் நொட்’ என்பது அதன் பெயர். இரத்த முடிச்சு என்று தமிழிற் கூறலாம். எழுதியவர் அதோல் ஃபியூகார்ட். 2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம் தமது 92 ஆம் வயதில் அவர் காலமானார். அவர் மறைந்த பின்னர் அவருடைய நாடகங்களை மேடையேற்ற எண்ணுவோர் பல நாடுகளிலும் இருப்பர். அத்தகையோரை நோக்கியே இதனை எழுதுகின்றோம். எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம்: இந்நாடகத்தைச் சிறியதோர் அறையிலேயே நடிக்க வேண்டும், அதில் இல்லாத அரசியற் சொற்பொழிவு எதனையும் அதற்குள் நுழைத்தல் ஆகாது.

ஃபியூகார்ட் வெள்ளையர். 1932 இல் பிறந்தவர். தாய்வழி ஆபிரிக்கானர். போர்ட் எலிசபெத் நகரில் வளர்ந்தார். அந்நகருக்கு இப்போது க்கெபெர்ஹா என்று பெயர். பல்கலைக்கழகப் படிப்பை முடிவதற்கு முன்னரே கைவிட்டுக் கப்பலில் ஊழியம் செய்தார். அவருடைய வரலாற்றில் எமது கருத்தைப் பெரிதும் ஈர்ப்பது 1958 ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஜொகனஸ்பேர்க் நகரின் ஃபோர்ட்ஸ்பேர்க் பகுதியிலிருந்த சுதேசிகள் ஆணையாளர் நீதிமன்றத்தில் அவர் ஓர் எழுதுவினைஞராக வேலை பார்த்தார். அனுமதிச்சீட்டு இன்றி நகரில் நடமாடிய குற்றத்திற்காகக் கறுப்பர்களைச் சிறைக்கு அனுப்பும் நீதிமன்றம் அது. வழக்கொன்றுக்குச் சில நிமிடங்களே. சாட்சி விசாரணையுமில்லை, வாதப்பிரதிவாதமுமில்லை. பெயர் கூப்பிடப்படும், ஆள் நிற்பான், தண்டனை கூறப்படும், அடுத்த பெயர் கூப்பிடப்படும். நாட்டின் சட்டம் உண்மையில் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அந்த மேசையிலிருந்தே தாம் கற்றதாக அவர் பின்னாளிற் கூறியுள்ளார். சட்டக் கல்லூரியிற் பல ஆண்டுகள் பயின்றும் அதனைக் கல்லாதோர் உளர்.

அந்த மேசையிற் கற்றதை அவர் மேடையிலே பிரசங்கமாக்கவில்லை. இதுவே முதன்மையானது. நாடகத்தின் வித்து வேறிடத்தில் விழுந்தது. தம் சொந்தச் சகோதரர் உறங்கிக்கிடந்ததை ஒரு நாள் பார்த்துக்கொண்டு நின்றபோது, அவ்வுடலிலே வாழ்க்கை எழுதிவிட்டிருந்த துன்பத்தைக் கண்டு தம்முள் எழுந்த குற்ற உணர்விலிருந்தே இந்நாடகம் பிறந்தது என்று அவர் எழுதியிருக்கின்றார். சட்டம் ஒரு பக்கம். உறங்கும் சகோதரன் மறுபக்கம். இவையிரண்டும் சேர்ந்து இட்ட முடிச்சே நாடகம்.

கதையைச் சற்று விரிவாகவே கூறுதல் வேண்டும். போர்ட் எலிசபெத்தின் அயலிலே கோர்ஸ்டன் என்ற வெள்ளையரல்லாதார் குடியிருப்பு. அங்கே தகரத் துண்டுகளாலும், பெட்டிப் பலகைகளாலும், தட்டி விரித்த அட்டைகளாலும், பழைய சாக்குகளாலும் ஒட்டிக் கட்டப்பட்ட ஒற்றை அறைக் குடிசை. ஒரு கதவு, ஒரு யன்னல், இரண்டு கட்டில், ஒரு மேசை, இரண்டு கதிரை. அங்கே வாழ்வோர் மொரிஸ், சகரியா என்னும் இருவர். தாய் ஒருத்தி. சகரியா கறுத்தவன். மொரிஸ் வெளுத்தவன், வெள்ளையன் என்று சொல்லி வெள்ளையரோடு வாழ்ந்துவிடக்கூடிய அளவுக்கு வெளுத்தவன். அவ்வாறு சில காலம் அலைந்து திரிந்துவிட்டு, மனச்சான்று உறுத்த, ஓராண்டுக்கு முன்னரே சகோதரனிடம் திரும்பி வந்திருக்கின்றான்.

சகரியா நாள் முழுவதும் ஒரு வாயிலிலே காவல் நிற்கின்றான். அவனுடைய வேலை யாதெனில், கறுப்புச் சிறுவர்கள் உள்ளே வந்துவிடாமல் விரட்டுவது. கறுப்பனை விரட்டக் கறுப்பனையே வாயிலில் நிறுத்தியிருக்கும் அந்த ஏற்பாட்டின் மேல் நாடகாசிரியர் ஒரு சொல்லும் கூறுவதில்லை. மாலையிற் கால்கள் வீங்கி அவன் வீடு வருகின்றான். மொரிஸ் வெந்நீரிலே உப்பிட்டு, கிண்ணத்தை அவன் காலடியில் வைத்துக் காத்திருக்கின்றான். வீட்டின் ஒழுங்கு முழுவதும் ஒரு மணிக்கூட்டின் கையில் இருக்கின்றது. அலாரம் அடித்தால் கால் கழுவல், அலாரம் அடித்தால் உணவு, அலாரம் அடித்தால் வேதப்புத்தக வாசிப்பு, அலாரம் அடித்தால் உறக்கம். சகரியாவின் கூலியில் மிஞ்சுவதை மொரிஸ் ஒரு தகரப் பேணியிற் சேர்த்து வைக்கின்றான். இருவருக்குப் போதுமான சிறியதொரு கமம் வாங்குதல் அவனுடைய கனவு.

சகரியாவுக்கோ கமத்தில் அத்துணை ஆசையில்லை. மொரிஸ் வருவதற்கு முன்னர், மினி என்னும் தோழன் கையில் வாத்தியத்தோடு வருவான். குடியும் பாட்டும் பெண்களின் தோழமையும் இருந்தன. அவையெல்லாம் போயின. பெண்ணின் துணை வேண்டும் என்கின்றான் சகரியா. அந்த ஆசையைத் தணிக்க மொரிஸ் ஒரு சூழ்ச்சி செய்கின்றான்: பத்திரிகையில் முகவரி தேடி ஒரு பெண்ணுக்குக் கடிதம் எழுதலாம் என்கின்றான். எழுத வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவனே. மறுமொழி வருகின்றது, நிழற்படத்தோடு. படத்திலிருப்பவள் வெள்ளைக்காரி. அவளுடைய சகோதரன் பொலிஸ்காரன்.

இவ்விடத்தில் அறைக்குள் சட்டம் நுழைகின்றது. ஒரு பொலிஸ்காரனும் மேடைக்கு வருவதில்லை. ஆணை எதுவும் வாசிக்கப்படுவதில்லை. கலப்புத் திருமணத்தைத் தடுத்த 1949 ஆம் ஆண்டுச் சட்டமும், வெள்ளையருக்கும் ஏனையோருக்கும் இடையே உடலுறவைக் குற்றமாக்கிய 1950 ஆம் ஆண்டுத் திருத்தமும் கதிரையின் முதுகைப் பற்றி நிற்கும் மொரிஸின் விரல்களிலே தெரிகின்றன. கடிதத்தை எரித்துவிடு என்று மன்றாடுகின்றான் அவன். சகரியாவோ மகிழ்கின்றான். ஒரு வெள்ளைக்காரி தன்னை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பே அவனுக்குப் போதும். ஒன்றையும் செய்யாத ஒருவன் நினைத்ததற்காகவே அஞ்சவேண்டிய நிலையைச் சட்டம் உண்டாக்கிவிட்டது. குற்றச் செயலும் குற்ற மனமும் சேர்ந்தே குற்றமாகும் என்பது நாம் மாணவப் பருவத்திற் கற்ற பாடம். கோர்ஸ்டனில் அப்பாடம் செல்லாது.

பின்னர் அப்பெண் தான் அந்நகருக்கு வரப்போவதாக எழுதுகின்றாள். அவளைச் சகரியா சந்திக்க முடியாது. மொரிஸ் சந்திக்க முடியும். இந்த உண்மையைச் சகரியா தானாகவே கண்டறிந்து தன் வாயாலேயே சொல்லும் காட்சி, உலக நாடகங்களிற் சிறந்தவற்றின் வரிசையில் வைக்கத்தக்கது. கமத்திற்கென்று சேர்த்த பணம் முழுவதையும் கொடுத்து, வெள்ளைக் கனவான் அணியும் உடையொன்றைச் சகரியா வாங்கி வருகின்றான், மொரிஸுக்காக. எமது வாசகரிற் பலர் கமக்காரர். விதைநெல்லை விற்றுப் பட்டு வாங்கிய வீட்டின் நிலை எத்தகையதென்று அவர்கட்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆயினும் சகரியா மூடனல்லன். அவன் வாங்கியது உடையன்று. அவ்வுடைக்குள்ளே தன் சகோதரன் யாராக மாறுவான் என்பதைப் பார்த்துவிட வேண்டுமென்ற வேட்கையே அப்பணத்தைச் செலவிட்டது.

உடையை அணிந்த மொரிஸின் வாயிலிருந்து, முன்னர் அவன் ஒருபோதும் சொல்லாத இழிசொல் ஒன்று வெளிவருகின்றது. இருவரும் திகைத்து நிற்கின்றனர். அன்றிரவு, மொரிஸ் உறங்கும்போது, சகரியா அதே உடையைத் தான் அணிந்துகொண்டு, அங்கே இல்லாத தன் தாயோடு பேசுகின்றான். பெண் வரவில்லை, அவளுக்கு வேறிடத்தில் மணம் நிச்சயமாகிவிட்டதென்று கடிதம் வருகின்றது. ஆபத்து நீங்கிற்று என்று எண்ணுவோமா? ஆபத்து அப்போதுதான் தொடங்குகின்றது. மிஞ்சியிருப்பது உடை. அதை வைத்து அவர்கள் விளையாடுகின்றனர். ஒருவன் வெள்ளைக் கனவான், மற்றவன் வாயிற்காவற்காரன். சிறுவயதில் பழைய மோட்டார் வண்டியொன்றில் ஓடுவதாகப் பாவனை செய்து மகிழ்ந்த அதே இருவர்தாம். விளையாட்டு எங்கே முடிந்தது, உண்மை எங்கே தொடங்கிற்று என்று பார்ப்போரால் அறிய முடிவதில்லை. சகரியா தன் சகோதரன்மேற் பாயப்போகும் கணத்திலே அலாரம் அடிக்கின்றது.

எமது நீதிமன்றங்களிற் சகோதரர் வழக்குகளுக்குக் குறைவில்லை. வேலிக்கும், கிணற்றுப் பங்குக்கும், ஒழுங்கைக்கும், தந்தை விட்டுச்சென்ற பனங்காணிக்கும் தலைமுறை தலைமுறையாக வழக்காடுவோரை நாம் அறிவோம். ஆனால் அவ்வழக்குகளிற் சட்டம் இருவருக்கும் பொதுவானதாக மேலேயிருந்து பங்கு பிரிக்கின்றது. மொரிஸுக்கும் சகரியாவுக்கும் இடையே பங்கு பிரிக்க நிலம் எதுவுமில்லை. சட்டம் முன்னரே அவர்களுடைய தோலைப் பங்கு பிரித்துவிட்டது. ஆகவே அவர்களுடைய சண்டைக்குத் தீர்ப்பாளனே இல்லை.

இனி, அறையைப் பற்றி. இந்நாடகம் முதன்முதலாக 1961 செப்டெம்பர் 3 ஆம் நாள், ஜொகனஸ்பேர்க்கின் எலோஃப் வீதியிலுள்ள டோர்க்கே இல்லத்தில், ஒத்திகை அறை எனப் பெயர்பெற்ற இடத்தில் நடிக்கப்பட்டது. ஆடைத் தொழிற்சாலையாக முன்னர் இருந்த கட்டிடம் அது. பின்னர் ஆபிரிக்கக் கலைஞர்களின் கூடமாயிற்று. அழைக்கப்பட்டு வந்தோர் ஏறத்தாழ 120 பேர். கறுப்பரும் வெள்ளையரும் கலந்தே இருந்தனர். மொரிஸாக ஃபியூகார்ட் தாமே நடித்தார். சகரியாவாக நடித்தவர் ஸேக்ஸ் மொக்காயி என்னும் கறுப்பின இளைஞர். சக்ஸபோன் வாசித்து வந்தவர். கறுப்பரும் வெள்ளையரும் சமமான பாத்திரங்களில் ஒரே மேடையில் நிற்பது அந்நாட்டில் அரிதினும் அரிது. நாடகம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீடித்தது. ஷார்ப்வில்லில் பொலிஸார் சுட்டு 69 பேர் மாண்டு ஒன்றரை ஆண்டே கழிந்திருந்தது.

பின்னர் அதைச் சுருக்கிக்கொண்டு இருவரும் ஊர் ஊராகச் சென்றனர். மேடையில் ஒரே தாயின் பிள்ளைகளாக நடித்தோர், புகையிரதத்திலே ஒன்றாக அமர முடியவில்லை. ஃபியூகார்ட் முதலாம் வகுப்பிலும் மொக்காயி மூன்றாம் வகுப்பிலும் பயணம் செய்தனர். நாடகம் முடிந்தபின் ஒரே விடுதியில் தங்கவும் வழியில்லை. மேடைக்கு வெளியே இதே நாடகம் ஒவ்வொரு நாளும் இலவசமாக நடந்துகொண்டிருந்தது எனலாம். 1965 இல் அரசாங்கம் ஒரு பிரகடனத்தை வெளியிட்டு, அனுமதியின்றிக் கலப்பு நடிகரும் கலப்புச் சபையும் பொது அரங்குகளிற் கூடுவதைத் தடுத்தது. 1967 இல் பீ.பீ.சீ. தொலைக்காட்சியில் இந்நாடகம் காட்டப்பட்டதன் பின், ஃபியூகார்டின் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. 1971 வரை அது திரும்பக் கிடைக்கவில்லை. சொற்பொழிவே இல்லாத ஒரு நாடகத்தைக் கண்டு அரசாங்கம் ஏன் அஞ்சிற்று என்று கேட்பது நியாயமே. சொற்பொழிவுக்கு மறுப்புரை கூறலாம். அமைச்சர்கள் அதில் வல்லவர்கள். இரு சகோதரர் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வைக்கு எந்த அமைச்சன் மறுப்புரை கூறுவான்?

பெரிய மண்டபத்தில் இந்நாடகம் என்னவாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கால் கழுவும் நீரின் ஆவி பத்தாவது வரிசைக்கு அப்பால் தெரியாது. மொரிஸின் குரல் உயர வேண்டியதாகும். குரல் உயர்ந்தால், அவனுடைய அன்பும் அதிகாரமும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும் அந்த மெல்லிய தொனி அழிந்துபோகும். அவன் வெறும் கொடியவனாகவோ வெறும் நல்லவனாகவோ மாறிவிடுவான். சிறிய அறையில் இருப்போருக்குத் தப்பிச் செல்ல இடமில்லை. வெளியேற வேண்டுமாயின் நடிகனின் முழங்காலை உரசிக்கொண்டே வெளியேற வேண்டும். மொரிஸ் அந்த இழிசொல்லை உச்சரிக்கும்போது, அடுத்த கதிரையில் இருப்பவரின் மூச்சு நின்றது கேட்க வேண்டும். ஒலிபெருக்கி வைத்த மைதானங்களிற் பேசிப் பழகிய நாமே இதனைச் சொல்கின்றோம்: ஆயிரம் பேருக்குச் சொல்லத்தக்கவை சில, நூறு பேருக்கு மட்டுமே சொல்லத்தக்கவை சில. இது இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இந்நாடகத்தின்மேற் சுமத்தப்படும் குற்றச்சாட்டுக்களை நாம் அறியாதவரல்லோம். அது போராட அழைக்கவில்லை என்பர். இரு சகோதரரும் இறுதியிற் குடிசையிலேயே கிடக்கின்றனர். ஒரு கொடியும் உயரவில்லை. ஒரு சங்கமும் அமைக்கப்படவில்லை. எழுதியவர் வெள்ளையர், அடக்கப்பட்டோரின் துன்பத்தை அவர் எவ்வாறு அறிவார் என்றும் கேட்பர். 1963 இல் இலண்டனில் நடிக்கப்பட்டபோது, கென்னெத் டைனன் போன்ற பெயர்பெற்ற விமர்சகர் இதனை வரவேற்கவில்லை. இரண்டாவது குற்றச்சாட்டு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அதற்கு மறுமொழி மொக்காயியின் உடலிலேதான் உண்டு. அவர் இல்லாமல் இந்த நாடகம் இல்லை. முதலாவதைப் பற்றி நாம் ஒன்று கூறுவோம். மக்களைத் திரட்டும் தொழிலில் இருப்போர், திரளாத மனிதன் ஏன் திரளவில்லை என்பதை அறிந்திருத்தல் வேண்டும். சகரியாவின் கோபம் வாயிலைக் காக்கச் சொன்னவனை நோக்கிச் செல்லவில்லை. வெந்நீர் வைத்துக் காத்திருந்த சகோதரனை நோக்கிச் சென்றது. ஏனெனில் எட்டும் தூரத்தில் இருந்தவன் அவனே. இந்தச் செய்தியை ஒதுக்கிவிட்டு எந்த இயக்கத்தையும் நடத்த முடியாது.

தமிழில் இதனைப் பெயர்க்க முனைவோருக்கு ஓர் இடர் காத்திருக்கின்றது. ஆங்கிலத்திற் சகோதரன் என்று ஒரே சொல்லில் இருவரும் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளலாம். தமிழிலே அண்ணன் என்றோ தம்பி என்றோ சொல்லாமல் உடன்பிறந்தான் வாய் திறக்க முடியாது. சொன்ன உடனே ஒருவன் மேலாகவும் ஒருவன் கீழாகவும் ஆகிவிடுகின்றான். இந்நாடகமோ அந்த ஏற்றத்தாழ்வு வயதிலிருந்து வருவதன்று என்று காட்டுவது. இயன்றவரை பெயர் சொல்லியே அழைக்கட்டும் என்பது எமது எண்ணம். இடர் உள்ள இடத்திலேயே பயனும் உண்டு. ‘நீ’ என்று ஒருவரையொருவர் பேசிவந்த இருவரில், உடை மாறியதும் ஒருவன் ‘அடே’ என்றும் மற்றவன் ‘ஐயா’ என்றும் தொடங்குவானாயின், வேறு விளக்கம் எமது மக்களுக்குத் தேவைப்படாது. அச்சொற்கள் பழகிய சொற்கள். வாயிலில் நிறுத்தி விரட்டுதலும் இங்கே அறியப்படாததன்று. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே இந்நாட்டில் நிறைவேறியிருந்தும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிலே மனிதர் மனிதரைத் தடுத்து நின்றனர். பிரெட்டோரியாவைச் சுட்டிய விரலை அவ்வேளையில் எங்கே வைத்துக்கொள்வது என்று சபையிலிருப்போர் சற்றுத் தடுமாறுவர். தடுமாறட்டும். அதற்காகக் கதையைக் கோர்ஸ்டனிலிருந்து பெயர்த்து எமது ஊருக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. பாத்திரங்களின் பெயரை மாற்றவும் வேண்டாம். தூரத்துக் கதையென்று எண்ணி அமர்ந்தவனுக்கே அது வலிக்கும்.

நடிகர் தெரிவில் விட்டுக்கொடுத்தலாகாது. இருவரின் நிறமும் கண்ணுக்குத் தெரியும்படி வேறுபட வேண்டும். மா பூசி ஒருவனை வெளுக்கச் செய்தல் நகைப்புக்கே இடமாகும். மொரிஸாக நடிப்பவன் தன்னை நல்லவனென்று முழுமையாக நம்பவேண்டும். சகரியாவாக நடிப்பவன் தொடக்கக் காட்சிகளிலே சபையைச் சிரிக்க வைக்கவேண்டும். அவன் சிரிக்க வைக்காவிடின் இறுதிக் காட்சியில் அச்சம் பிறவாது. இறுதி விளையாட்டுத் தொடங்கும்போது விளக்கின் நிறத்தை மாற்றுதல், பின்னணியில் மேளம் ஒலிக்கச் செய்தல் முதலிய வேலைகள் எவையும் வேண்டாம். விளையாட்டுத் தொடங்கிவிட்டதென்று சபைக்கு அறிவிப்பது, அடி விழப்போகின்றது என்று அடிபடுபவனுக்கு அறிவிப்பது போன்றது.

இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1985 இல், அமெரிக்காவின் யேல் றெப்பேட்டரி அரங்கில் ஃபியூகார்டும் மொக்காயியும் மீண்டும் அதே வேடங்களைத் தாங்கினர். அவ்வாண்டிலேயே நியூயோர்க்கின் புறோட்வேக்கும் அது சென்றது. ஒருவர் ஐம்பத்துமூன்று வயதினர், மற்றவர் ஐம்பத்தொன்று. ஓராண்டுக்கு முன் திரும்பி வந்த சகோதரன் என்பதற்குப் பதிலாக, வாழ்நாள் முழுவதும் ஒரே அறையிற் கிடந்த இரு கிழவரைச் சபை கண்டிருக்கும். மொக்காயி 2009 இல் மறைந்தார். 2012 இல், நியூயோர்க்கிலே சிக்னேச்சர் அரங்கின் புதிய இல்லம் திறக்கப்பட்டபோது, எழுபத்தொன்பது வயதான ஃபியூகார்ட் இந்நாடகத்தைத் தாமே நெறிப்படுத்தினார். அவ்வில்லத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அரங்குகள் இருந்தன. இந்நாடகம் நடிக்கப்பட்டது 191 ஆசனங்களே கொண்ட அரங்கில்.

மணிக்கூட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல். ஒலிப்பதிவிலிருந்து மணியோசை எழுப்புவது எளிது, தவறாது ஒலிக்கும். ஆயினும் சாவி கொடுக்கும் பழைய மணிக்கூட்டையே வைக்கவேண்டும். அதற்கு மொரிஸ் சபையின் முன்னிலையிலேயே ஒவ்வொரு முறையும் தன் கையாற் சாவி கொடுக்கவேண்டும். இறுதிக் காட்சியில், சகரியா அடிக்கக் கை ஓங்கும்போது, அது சரியான கணத்தில் அடிக்குமோ அடிக்காதோ என்ற ஐயம் சபைக்கும் இருக்கட்டும், நடிகர் இருவருக்கும் இருக்கட்டும்.